வாசலில் ஏழு படி, அப்பா வீல்சேரில்: எந்த லிஃப்ட் வாங்கலாம்?

முடிச்சூரில் வீடு. 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற பிறகு தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறீர்கள். சிட்-அவுட்டுக்கு ஏழு படி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, கூடவே வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வீல்சேரோடு தூக்கி இறக்க ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. இரண்டு லட்ச ரூபாய்க்குள் வாசலில் ஒரு லிஃப்ட் போட முடியுமா, எந்த வகை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் யார் குறைவாகத் தருகிறார்கள் என்று தேடுவதற்கு முன்னால், கெட்டுப்போனால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள் என்று கேளுங்கள். மற்ற வீடுகளில் லிஃப்ட் நின்றால் சிரமம், அவ்வளவுதான். டயாலிசிஸ் போகிற வீட்டில் அது உயிர்ப் பிரச்சினை.

லிஃப்ட் பராமரிப்பில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். 2017இல் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, விலை குறைவு என்று ஒரு கம்பெனியின் வாசல் லிஃப்டை வாங்கிப் போட்டேன். எட்டாவது மாதம் கன்ட்ரோல் போர்டு போய்விட்டது. அவர்களே செய்கிற போர்டு, வெளியில் எங்கேயும் கிடைக்காது. வயரிங் வரைபடம் கேட்டேன், தரவில்லை. பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளில் இரண்டு முறை அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி இறக்கினோம். கண்ணை இறுக மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்திருந்தார். அடுத்த வாரமே அந்த போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சாதாரண மின்காந்த சுவிட்சுகளான கான்டாக்டரும் ரிலேயும் வைத்து நானே பேனல் கட்டினேன். இன்றைக்கு வரை ஓடுகிறது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த அனுபவத்தில் இருந்து வந்தது.

முதலில் உயரத்தைச் சரியாக அளந்துவிடுங்கள். ஏழு படி, படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் 42 அங்குலம் என்று மனக்கணக்குப் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். கார் வந்து நிற்கிற இடத்துத் தரைக்கும் சிட்-அவுட் டைல்ஸின் மேல்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வேண்டும். கொத்தனாரிடம் இருக்கும் லெவல் டியூப்பை வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை. கேட்டிலிருந்து வீட்டுப் பக்கம் தரை சரிந்திருந்தால் இரண்டு மூன்று அங்குலம் மாறும். லிஃப்ட் செய்து கொண்டுவந்த பிறகு அந்த இரண்டு அங்குலம் பெரிய தலைவலி.

சாய்தளம் போதாதா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது எல்லா ஊரிலும் கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. மூன்றரை அடிக்கு 42 அடி நீளம் வேண்டும், நடுவில் வீல்சேர் நின்று திரும்பத் தளமும் வேண்டும். அரை கிரவுண்டு மனையில் அதற்கு இடம் இருக்காது. இடம் இல்லை என்று 14 அடியில் செங்குத்தாகப் போட்டுவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அப்பாவும் வீல்சேரும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் தள்ளுகிறவர் கையில் விழுவது சுமார் 8 கிலோ. நான்குக்கு ஒன்று சரிவில் 23 கிலோ. உங்கள் அம்மா அந்த 23 கிலோவை ஒரு நொடிகூடக் கை தளர்த்தாமல் மேலே வரை தள்ள வேண்டும். இறக்கும்போது அதே எடை அவரை முன்னால் இழுக்கும், மழையில் தரை வழுக்கவும் செய்யும். இரண்டு அடிக்குக் கீழே உயரம் உள்ள வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாய்தளம் போடச் சொல்வேன். செலவும் குறைவு, கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுக்கு அது ஒத்து வராது.

படி ஓரமாகத் தண்டவாளம் மாட்டி நாற்காலி ஏறும் வகை ஒன்று இருக்கிறது. வீல்சேரிலிருந்து அந்த நாற்காலிக்கும், மேலே போய் மறுபடி வீல்சேருக்கும் அப்பாவைத் தூக்கி மாற்ற வேண்டும். ஒரு பக்கம் விழுந்தவருக்கு வேண்டாம். வாடகை வீடாக இருந்தால் படியேறும் மோட்டார் வண்டியைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருப்பேன். சொந்த வீடு, அதனால் அதையும் விட்டுவிடலாம்.

மிச்சம் இருப்பது செங்குத்தாக மேலே கீழே போகும் மேடை லிஃப்ட். நாலு பக்கமும் சுவர் எழுப்பி லிஃப்ட் கிணறு கட்ட வேண்டாம், கூண்டும் வேண்டாம். ஒரு தளம், பக்கத்தடுப்பு, கதவு, அதைத் தூக்கும் இயந்திரம் அவ்வளவுதான். இதில் நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது மூன்று வகை. கத்தரிக்கோல் கால்கள் விரிந்து தூக்கும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) மேசை, பக்கத்தில் நிற்கும் தூணில் ஹைட்ராலிக் சிலிண்டர் தூக்கும் வகை, அதே தூணில் நீளமான திருகாணி சுழன்று தூக்கும் வகை.

விலைப்புள்ளி கேட்டால் பெரும்பாலும் முதலில் வருவது கத்தரி மேசை. பைக் சர்வீஸ் கடையில் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறார்களே, அதன் உறவுக்காரன். செய்வது சுலபம், விலையும் குறைவு. ஆனால் முழுக்க மடிந்த பிறகும் அரை அடியிலிருந்து ஒரு அடி உயரம் நிற்கும். வீல்சேர் தரையிலிருந்து நேராக ஏற வேண்டுமானால் தரையில் குழி வெட்டி அதற்குள் இறக்க வேண்டும். வெள்ளம் வரும் என்றுதானே வீட்டையே மூன்றரை அடி உயர்த்தினீர்கள்? அதே வாசலில் குழி வெட்டி அதற்குள் மின் வயரையும் சிலிண்டரையும் வைத்தால் ஐப்பசி முதல் மழையிலேயே நிரம்பிவிடும். பம்பு போட்டு இறைத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். கரண்ட் போகிற நாளில்தான் மழையும் கொட்டும். முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி மாதிரி இடங்களில் குழி கேட்கும் எந்த லிஃப்டும் வேண்டாம். இது என் உறுதியான கருத்து.

ஆக தூண் வகைதான். திருகாணியா ஹைட்ராலிக்கா என்பதில் இரண்டுக்கும் நியாயம் உண்டு. திருகாணியில் மோட்டாரைத் தூணின் உச்சியில் வைக்கலாம், தண்ணீர் தொடாது. மோட்டார் நின்றால் தளம் நின்ற இடத்திலேயே நிற்கும், இறங்காது. தேய்வது அதன் வெண்கல நட்டு. கிரீஸ் போடாமல் விட்டால் சீக்கிரம் தேயும். அதனால் முதல் நட்டுக்குக் கீழே தாங்கிப் பிடிக்க இரண்டாவது பாதுகாப்பு நட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த லிஃப்ட் வேண்டாம். கரண்ட் இல்லாத நேரம் கைப்பிடியால் சுற்றி ஏற்றலாம், ஆனால் திருகு ஒரு சுற்றுக்கு 6 மில்லிமீட்டர் நகர்ந்தால் உங்கள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 180 சுற்று.

ஹைட்ராலிக்கில் எனக்குப் பிடித்தது 24 வோல்ட் பேட்டரியில் ஓடும் பவர் பேக், அதாவது மோட்டாரும் எண்ணெய்ப் பம்பும் சேர்ந்த ஒரே அலகு. சரக்கு லாரிகளின் பின்னால் சாமான் ஏற்றும் தட்டு இருக்குமே, அதை இயக்கும் அதே சாமான். இரண்டு 12 வோல்ட் பேட்டரி, எப்போதும் சார்ஜில் இருக்கும். கரண்ட் போனால் லிஃப்டுக்குத் தெரியவே தெரியாது. பேட்டரியை மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் வையுங்கள். பேட்டரியும் செத்துவிட்டால் வால்வைக் கையால் திறந்து தளத்தை மெல்ல இறக்கலாம், கைப்பம்பு உள்ள பேக் என்றால் ஏற்றவும் செய்யலாம். எண்ணெய் போகும் ஹோஸ் வெடித்தால் தளம் தொப்பென்று விழாமல் இருக்க சிலிண்டரின் வாயிலேயே ஒரு தடுப்பு வால்வு இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஏசி மோட்டாரை ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை சாதாரண இன்வெர்ட்டர் தாங்காது.

உங்கள் வீட்டுக்கு நான் தேர்ந்தெடுப்பது இந்த 24 வோல்ட் ஹைட்ராலிக் தூண். பவர் பேக்கையும் பேட்டரியையும் சிட்-அவுட் தரைக்கு மேலே ஒரு பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், கீழே வேண்டாம். பெட்டிக்குள் வயர் நுழையும் ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்துவிட வேண்டும். நம் ஊரில் வெளியில் இருக்கும் பேனல்களைக் கெடுப்பதில் மழைக்கு அடுத்து பல்லியும் எறும்பும்தான்.

மின்சாரக் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. முழுச் சுமையாக 250 கிலோவை மூன்றரை அடி தூக்க ஆகும் ஆற்றல் மிகச் சொற்பம், ஒரு யூனிட்டில் சில நூறு முறை ஏறி இறங்கலாம். வேகமும் தேவையில்லை. இந்த வகை லிஃப்டுக்கான ஐஎஸ்ஓ 9386 தரம் நொடிக்கு 15 சென்டிமீட்டரை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. நொடிக்கு 5 சென்டிமீட்டர் போனாலே உங்கள் உயரத்துக்கு இருபது நொடி சொச்சம்தான். டயாலிசிஸ் முடிந்து ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலோடு வருகிறவருக்கு மெதுவாகப் போவதுதான் நல்லது.

தளத்தின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண மடக்கு வீல்சேர் இரண்டு அடி சொச்சம் அகலம், கால்தட்டோடு மூன்றரை அடி நீளம். பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஏறி நேர் எதிரே இறங்குவதாக இருந்தால் மூன்று அடிக்கு நாலரை அடி போதும். ஏறிய பிறகு தொண்ணூறு பாகை திரும்பித்தான் இறங்க வேண்டும் என்றால் அகலம் மூன்றரை அடிக்கு மேல் வேண்டும். முடிந்தவரை நேராகப் போகும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். படிகளின் மேல் போடாமல் பக்கத்தில், சிட்-அவுட் கைப்பிடிச் சுவரில் மூன்றடி வெட்டி வழி எடுப்பது நல்லது. மற்றவர்களுக்குப் படி அப்படியே இருக்கும். தூணை நாலரை அங்குலச் செங்கல் சுவரில் மாட்ட விடாதீர்கள். கீழே அரை அடி கனத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், பக்கவாட்டில் கட்டடத்தின் தூணிலோ பிளின்த் பீமிலோ (தரை மட்டத்துக் கான்கிரீட் விட்டம்) போல்ட்.

இப்போது எல்லோரும் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம். உங்கள் சிட்-அவுட் விளிம்பில் கிரானைட் போட்டிருப்பீர்கள். அழகுக்காக அதை ஒரு அங்குலம் வெளியே நீட்டி, முனையை உருட்டிப் பாலிஷ் செய்திருப்பார்கள். லிஃப்ட் மேலே போகும்போது அப்பாவின் கால்விரல்கள் கால்தட்டுக்கு முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரை ஒட்டியே தளம் ஏறுகிறது. சரியாக அந்த கிரானைட் மூக்குக்கு அடியில் போய் விரல் மாட்டும். பக்கவாதம் வந்த காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் அவருக்கு வலிப்பதே தெரியாது, சத்தம் போடமாட்டார். என் அம்மாவின் கட்டைவிரல் நகம் அப்படித்தான் பெயர்ந்தது. லிஃப்ட் போகும் பக்கத்தில் அந்த மூக்கை அறுத்து எடுத்துவிட்டு, கீழிருந்து மேல்வரை ஒரே வழவழப்பான தகடு அடிக்கச் சொல்லுங்கள். தகட்டுக்கும் தளத்துக்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையக் கூடாது. கிரானைட் அறுக்க ஆகும் செலவு ஒன்றுமே இல்லை, ஆனால் லிஃப்ட் விற்கிறவர் இதை நினைவூட்டமாட்டார்.

தளத்துக்கு அடியில் ஏதாவது பட்டால் உடனே நிற்கும் அடித்தட்டு சென்சார், தளம் மேலே இல்லாதபோது திறக்காத மேல் கதவு, கையை எடுத்தால் நின்றுவிடும் பொத்தான், அவசர நிறுத்தம், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, முறையான எர்த். இவற்றில் எதையும் விலை குறைக்கக் கழிக்க விடாதீர்கள். பொத்தான் தளத்தின் இடது பக்கம் இருக்கட்டும், அப்பாவுக்கு இயங்கும் கை அதுதான். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தனிப் பொத்தான்களும் வேண்டும்.

விலைக்கு வருகிறேன். அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் இதைச் செய்யும் பட்டறைகள் உண்டு. இந்த உயரத்துக்கு உள்ளூர்த் தயாரிப்புக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை சொல்வார்கள். வெளிநாட்டுத் தயாரிப்பு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. உங்கள் இரண்டு லட்சத்தில் நல்ல உள்ளூர் லிஃப்ட் வந்துவிடும், ஆனால் கொட்டேஷனில் ஜிஎஸ்டி, கான்கிரீட் வேலை, கேபிள், மேலே மழைக்கு ஷீட் இதெல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இவற்றுக்குத் தனியாக எழுபதாயிரம் வரை ஆகிவிடலாம். இரும்பு முழுவதும் வெறும் பெயின்டா, சூட்டு ஜிங்க் பூச்சா என்றும் கேளுங்கள். ஜிங்க் பூச்சுக்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தைத் தயங்காமல் கொடுங்கள். பெயின்ட் அடித்த இரும்பு இரண்டு மழைக்காலத்தில் வெல்டிங் ஓரங்களில் துரு பிடித்துவிடும்.

இரண்டு பட்டறைகளில் விலை ஒன்றுபோல் இருந்தால், வயரிங் வரைபடத்தைக் காகிதத்தில் கொடுப்பவரிடம் வாங்குங்கள். உள்ளே இருக்கும் கான்டாக்டர், மேலேயும் கீழேயும் தளத்தை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச், வால்வு காயில் எல்லாம் கடையில் கிடைக்கும் சாமான்தானா என்று பாருங்கள். பாரிமுனை செம்புதாஸ் தெருவிலும் ரிச்சி தெருவிலும் அரை நாள் அலைந்தால் கிடைக்கிற சாமானில் கட்டிய லிஃப்டை உங்கள் தெரு எலக்ட்ரீஷியனே சரிசெய்வார். பழைய லிஃப்ட் கிடைத்தாலும் மோசமில்லை. சிலிண்டரின் பளபளப்பான தண்டை முழுக்க வெளியே நீட்டச் சொல்லி விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகக் குழி தட்டினால் சீல் நிற்காது, எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சரக்கு ஏற்றும் செயின் ஹாயிஸ்ட்டில் ஒரு தட்டைக் கட்டித் தருகிறேன் என்று யாராவது நாற்பதாயிரத்துக்குச் சொன்னால், அது மனிதனை ஏற்றும் சாதனமே அல்ல.

மாட்டி முடித்த அன்று மிச்சப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. 250 கிலோ லிஃப்ட் என்றால் ஐந்து மூட்டை சிமென்ட்டை ஏற்றுங்கள். பாதி உயரத்தில் நிறுத்தி, தளத்தின் மட்டத்தைத் தூணில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டை விட்டு இறங்கியிருந்தால் வால்வு கசிகிறது. பிறகு மூட்டைகளை இறக்கிவிட்டு, தளத்தை மேலே அனுப்பி, அடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து இறக்குங்கள். பெட்டி நசுங்காமல் நிற்க வேண்டும். கடைசியாக மெயினை அணைத்துவிட்டு, வந்தவர்களைத் தொடவிடாமல் உங்கள் அம்மாவையே கையால் இறக்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் இல்லாத நாளில் அவர்தான் செய்யப் போகிறார்.

தமிழ்நாட்டில் மின்தூக்கிகளுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மின் ஆய்வுத்துறையின் பொறுப்பு அது. உங்கள் வாசல் லிஃப்டுக்கு உரிமம் வேண்டுமா என்று முன்கூட்டியே அந்த அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கவில்லை என்றால் உடனே வாங்குங்கள். அவர் உங்களைச் சார்ந்திருக்கிறார், நீங்கள் பழைய வரிமுறையில் கட்டுகிறீர்கள் என்றால், குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வருமானத்தில் 75,000 ரூபாயும், 80 சதவீதம் முதல் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு.

லிஃப்ட் மேலே கொண்டுபோய்விட்ட பிறகு நிலைவாசல் படி இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். பூஜை செய்து வைத்த நிலையை வெட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், வெட்டவும் வேண்டாம். தச்சரிடம் சொல்லி உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று மரத்தில் சரிவுக்கட்டை செய்துகொண்டால் போதும். அடை மழைக் காலத்தில் இரவு தளத்தை மேலேயே நிறுத்தி, தூணில் இரும்புப் பின்னைச் செருகிவிடுங்கள். தண்ணீர் வந்தாலும் தளத்துக்கு ஒன்றும் ஆகாது.

லிஃப்ட் செய்து வர ஒரு மாதமாவது ஆகும், அதுவரை டயாலிசிஸ் நிற்காது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவை நாற்காலியோடு அந்தரத்தில் தூக்காதீர்கள். இரண்டு பேர் போதும். பெல்ட் போட்டு, வீல்சேரைப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்திலேயே ஒவ்வொரு படியாக உருட்டுங்கள். இறக்கும்போது அவர் முகம் வெளியே பார்க்கட்டும், பலமானவர் பின்னால் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். ஏற்றும்போது வீல்சேரைத் திருப்பி, முதுகுப் பக்கமாக மேலே இழுக்க வேண்டும். முன்னால் நிற்பவர் இரும்புச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும், கால்தட்டைப் பிடித்தால் அது கையோடு கழன்று வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் ஒரு நொடி நின்று, இருவரும் குரல் கொடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்திருக்கும் இடம்) போட்டிருக்கும் கையை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது, அந்தக் கையின் மேல் பெல்ட்டும் அழுத்தக் கூடாது. உதவிக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரிந்திருக்காது, முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.